மணிக்கட்டுப் படலம்: ஒரு சிற்றாராய்ச்சி

மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கம் உண்டு. அடியில் எலும்பு, மேலே தடித்த தசைநார்க் கூரை. அதற்குள் 9 தசைநாண்களும் ஒரேயொரு நரம்பும் காலை நேரத்து டவுன் பஸ் பயணிகளாகச் செல்கின்றன. நெரிசலில் நசுங்குவது மெலிந்த பயணியே. ஆகவே நசுங்குவது நரம்பு, மரத்துப்போவது விரல்கள். இந்நோய்க்குக் கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் என்று பெயர்.

இதன் இலக்கணம்: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரல் வேறு நரம்பின் ஆட்சிக்குட்பட்டதால் இதில் தலையிடாது. நள்ளிரவில் விழித்துக் கையை உதறுதல் சிறப்பிலக்கணம்.

இனி, நோயை அறியும் வழிகள். ஒரு சோதனையின் மெய்ம்மை அதன் கருவியின் எடைக்கேற்ப உயரும் என்பது தற்காலக் கொள்கை. மணிக்கட்டை மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்து மரத்துப்போகிறதா என்று பார்ப்பது ஃபேலன் சோதனை. இதற்குக் கருவியே இல்லை, எனவே கடைநிலை. நரம்பில் மின்சாரம் எவ்வளவு விரைவாகச் செல்கிறது என்று அளப்பது அதற்கு மேல். அல்ட்ராசவுண்ட் அதற்கும் மேல்: நசுங்கிய நரம்பு சுரங்கத்தின் வாயிலில் வீங்கியிருக்கும், அங்கே அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 10 சதுர மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐயம் வலுக்கும். எம்.ஆர்.ஐ. பல டன் எடையுள்ளது. எனவே தலைமைப் பிரமாணம்.

அஃதேல், படத்தில் நரம்பு வீங்கியிருந்தும் வலியே இல்லாதவர் உளரே எனின், அவர் இன்னும் ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை என்க. படம் நன்றாயிருந்தும் கை மரத்துப்போகிறவர் உளரே எனின், அவர் கை பிழைபட்டது என்க. நோயாளி என்பவர் ஃபிலிமோடு இணைக்கப்படும் துணை ஆவணமே.

அங்ஙனமாயின் படத்தால் பயனே இல்லையோ எனின், உண்டு. சுரங்கத்தில் நீர்க்கட்டியோ வேறு கட்டியோ இருந்தால் படம் காட்டும். நரம்பு பிறவியிலேயே இரண்டாகப் பிரிந்திருந்தால் அறுவை மருத்துவருக்கு முன்கூட்டியே சொல்லும். அறுவைக்குப் பின்னும் குறை தீராவிட்டால் காரணம் தேட உதவும். கை சொல்வதும் மின்சோதனை சொல்வதும் முரண்பட்டால் நடுவராக நிற்கும். நரம்பின் வடிவத்தைப் படம் நன்றாகவே அறியும். நரம்பு படும் பாட்டை அறியாது.

ஆகவே ஸ்கேன் அறைக்குள் நுழையுமுன் உங்கள் மருத்துவர் "இரவில் கையை உதறுகிறீர்களா?" என்று கேட்டாரா எனப் பாருங்கள். கேட்கவில்லையெனில் நீங்களே சொல்லிவிடுங்கள்.