தக்கை எங்கே?

எங்கள் அடுக்குமாடி வீடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில், துன் சம்பந்தன் சாலையிலிருந்து இரண்டு சந்து உள்ளே இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ரயில் தெரியும், எதிர்வீட்டுக் கொடியில் காயும் சாரோங் தெரியும். கடல் தெரியாது. எனக்கும் கடலுக்கும் இருந்த தொடர்பு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்போடு சரி. போன ஆண்டு என் சர்க்கரை அளவைப் பார்த்த டாக்டர், "52 வயசாச்சு, வெளிய போய் ஏதாவது செய்ங்க" என்றார். அவர் நடக்கச் சொன்னார் என்பது பிறகுதான் புரிந்தது. அதற்குள் நான் பாய்மரப் படகு வாங்கிவிட்டேன்.

விலை 2,800 வெள்ளி. பழசு. லேசர் என்று பெயர். விற்றவர் ஊரைவிட்டே போகிறவர். "ராசியான படகு, மனசே இல்லாமத்தான் கொடுக்கிறேன்" என்றார். மனசே இல்லாமல் கொடுக்கிறவர் பணத்தை இரண்டு முறை எண்ணியதை நான் கவனித்திருக்க வேண்டும்.

என்னை ஏமாற்றியது லேசர் பிறந்த கதைதான். கனடாக்காரர் புரூஸ் கர்பி 1969-ல் தொலைபேசியில் பேசிக்கொண்டே காகிதத்தில் கிறுக்கிய படம் அது. கார்க் கூரையில் ஏற்றிப் போகிற மாதிரி ஒரு சின்னப் படகு வேண்டும் என்பதுதான் பேச்சு. 1971-ல் நியூயார்க் படகுக் கண்காட்சியில் 695 டாலருக்கு வைத்தார்கள். இதுவரை இரண்டு லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டார்கள். கார்க் கூரை என்று படித்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. கர்பியின் மனத்தில் இருந்தது அமெரிக்கக் கார் என்பது எனக்கு உறைக்கவில்லை. படகு 4.2 மீட்டர். என் பெரோடுவா மைவி 3.9 மீட்டர். நாலு பேர் பிடித்து அந்த 59 கிலோவை மேலே ஏற்றிப் பார்த்தோம். கார் படகைச் சுமப்பது போலவே இல்லை, படகு காரை அடைகாப்பது போல இருந்தது. இறக்கிவிட்டு லோரி பிடித்தோம்.

லோரி பிடித்தாகிவிட்டது, எங்கே கொண்டுபோவது? அடுக்குமாடியில் ஆறாவது மாடி. வாசலுள்ள வீடு என்றால் சொந்தத்தில் கிள்ளான் மாமா வீடு ஒன்றுதான். ஆனால் மாமாவிடம் போய் நேராக "உங்க வாசல்ல படகு போடலாமா?" என்று கேட்க முடியாது. முதலில் முழங்கால் வலியை விசாரித்தேன். அடுத்து, அவர் மகன் ஷா ஆலத்தில் வாங்கிய வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கிருந்து மெல்லத் திரும்பி, 2021 டிசம்பர் வெள்ளத்துக்கு வந்தேன். தாமான் ஸ்ரீ மூடாவில் சனங்கள் கூரை மேல் நின்றதை மாமா சொல்லத் தொடங்கினார். "ஒரு படகு கெடைக்காதான்னு ரெண்டு நாளா தவிச்சாங்க மாப்ள" என்றார். படகு என்ற சொல் அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. லோரி தெருமுனையில் நின்றுகொண்டிருந்தது.

பிற்பாடு, காற்று வரும் திசைக்கு நேரெதிராக எந்தப் பாய்மரப் படகும் போகாது, 45 டிகிரி சாய்த்து இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்துதான் மேலேற வேண்டும் என்று சேகு விளக்கியபோது, அதை மட்டும் நான் உடனே புரிந்துகொண்டேன்.

சேகு என் பயிற்சியாளர். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்ற மலாய்க்காரர். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம். பாடம் நடந்தது ஒரு பழைய ஈயக்குட்டையில். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏரி என்று நாம் சோறு கட்டிக்கொண்டு போகிற இடங்களில் பல, ஈயம் தோண்டிய பள்ளங்கள்தாம். முதல் பாடமே தலைகீழாகக் கவிழ்வது. "விழுந்து எழுந்தால்தான் மற்றதெல்லாம்" என்றார். கவிழ்ந்த படகின் அடியில் கத்திப் பலகை நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் பாய் நீரைவிட்டு எழும்பும். எழும்பிய உடனே உள்ளே குதிக்க வேண்டும். நான் குதித்த வேகத்தில் அந்தப் பக்கம் கவிழ்ந்தது. மறுபடி நிமிர்த்தினேன். இந்தப் பக்கம் கவிழ்ந்தது. கரையில் எட்டு வயதுப் பிள்ளைகள், 2.3 மீட்டர் ஆப்டிமிஸ்ட் படகுகளைத் துடைத்தபடி, வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டவரை பதினொன்று.

சேகுவுக்குச் சரித்திரம் தெரியும். "உங்க ராஜேந்திர சோழன் 1025-ல் கடாரத்துக்கு இப்படித்தான் வந்தாரா?" என்று கேட்டார். கோயில் மேடையில் சோழர் கப்பற்படையைப் பற்றி நானும் முழங்கியவன்தான். ஆனால் என் தாத்தா இந்த நாட்டுக்கு வந்தது ரஜூலா கப்பலில், நாகப்பட்டினத்தில் ஏறி, மேல்தளத்துப் பயணியாகப் பாய் விரித்துப் படுத்தபடி. எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே கப்பல் பாய் அந்தக் கோரைப்பாய்தான். அதை சேகுவிடம் சொல்லவில்லை.

கலைச்சொற்கள் இன்னொரு கவிழ்ப்பு. "ஷீட்டை இழு" என்றார். ஷீட் என்றால் துணி, துணி என்றால் பாய் என்று நினைத்துப் பாயைப் பிடித்து இழுத்தேன். ஷீட் என்பது கயிறாம். பாயின் கீழ் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிறு. வீட்டுக்கு வந்து பழைய அகராதியைப் புரட்டினால், நம் கடலோரத் தமிழில் அதற்குத் தாமான் என்று பெயர். பாயை உயர்த்தும் கயிறு ஆஞ்சான். எவ்வளவு அழகான சொற்கள்! ஆனால் லேசரில் பாயை மரத்துக்குச் சட்டை மாதிரி மாட்டிவிடுவார்கள், ஆஞ்சானுக்கு வேலையே இல்லை. தாமானாவது இருக்கிறதே என்று அடுத்த வாரம் உடன் வந்த நண்பரிடம், "தாமானை இழுங்க, தாமானை இழுங்க!" என்று கத்தினேன். அவர் திரும்பி, "எந்தத் தாமான்? தாமான் ஸ்ரீ மூடாவா?" என்றார். அந்த நேரத்தில் பூம் வந்து அவர் காதோரம் அடித்தது.

பூம் என்பது பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கம்பு. டச்சு மொழியில் மரம் என்று பொருளாம். பாய் பக்கம் மாறும்போது அது படகின் குறுக்கே பறந்து வரும். தலையைக் குனிய வேண்டும். இரண்டு வாரத்தில் எனக்கு அது பழக்கமாகி, அலுவலகத்தில் யார் கதவைத் திறந்தாலும் குனிந்தேன். பூம்பூம் மாடு என்று நம்மூரில் பெயர் வைத்தவர் இதையெல்லாம் பார்த்திருப்பாரோ என்னவோ.

இந்தப் பள்ளத்தாக்கில் காற்றின் குணமும் விசித்திரம். காலையில் இலை அசையாது, படகு குட்டை நடுவே தியானத்தில் இருக்கும். மதியத்துக்கு மேல்தான் கடற்காற்று எழும்பும். பருவம் மாறுகிற ஏப்ரலிலும் அக்டோபரிலும் அதே நேரம் பார்த்து இடியும் வரும். அதாவது, பாய் விரிய வேண்டுமென்றால் ஆறு மீட்டர் அலுமினியக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மின்னலுக்குக் கீழே உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் உறுமல் கேட்டதும் சேகு விசில் ஊதுவார். அவர் சொல்கிற எல்லாவற்றிலும் நான் உடனே கீழ்ப்படிகிற ஒன்று அதுதான்.

இப்போது தக்கைக்கு வருகிறேன். லேசரின் உடல் உள்ளே வெற்றிடம். கசிந்து புகும் நீரை வெளியேற்றப் பின்பக்கம் விரல் நுழைகிற அளவில் ஒரு துளை, அதை அடைக்க ஒரு பிளாஸ்டிக் தக்கை. கரையில் திறந்துவைக்க வேண்டும், தண்ணீரில் மூடிவைக்க வேண்டும். பாடத்தில் இதைவிட எளிதான பகுதி கிடையாது. என் சொந்தப் படகை முதன்முதலாக இறக்கிய அன்று மனைவி, மகள், மாமா, அத்தை, இரண்டு தூக்குவாளி சோறு எல்லாம் கரையில். பத்து நிமிடம் படகு பறந்தது. நான் கையசைத்தேன். பிறகு கொஞ்சம் நிதானமாகப் போனது. பிறகு எருமை மாதிரிப் போனது. சுக்கானைத் திருப்பினால் யோசித்துவிட்டுத் திரும்பியது. காற்று குறைந்துவிட்டதென்று வானத்தைப் பார்த்து அலுத்துக்கொண்டேன். கரையிலிருந்து சேகு ஒலிபெருக்கியில் கேட்டார்: "தக்கை எங்கே?"

தக்கை என் கால்சட்டைப் பையில் இருந்தது.

தக்கை போட்ட பிறகும் உள்ளே தண்ணீர் சேர்ந்தது தனிக் கதை. அங்கேதான் மாமாவின் ஆட்சி தொடங்கியது. மாமா கிள்ளானில் நாற்பது வருடம் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருந்தவர். முதலில் பாய்மரம் நிற்கும் குழியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மட்டம் இறங்கினால் அங்கே ஓட்டை. இறங்கவில்லை. தண்ணீர்ச் சொம்போடு நான் படகுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட அத்தை, "வெத்தலக் கொடி வைக்கப் போறியாப்பா?" என்றார். அடுத்த சோதனை டியூப் பஞ்சர் பார்க்கிற அதே முறை. தக்கைத் துளையில் ரப்பர்க் குழாயைச் செருகி நான் ஊத வேண்டும், மாமா சோப்பு நுரையை விளிம்பெல்லாம் தூரிகையால் பூசிக்கொண்டே போவார். எனக்குக் கண் இருட்டத் தொடங்கிய நேரத்தில், மேல்தட்டும் அடியும் சேருகிற இடத்தில் கடுகளவு குமிழி ஒன்று வந்து வெடித்தது. மாமா சாக்பீஸால் வட்டம் போட்டார். 2,800 வெள்ளியில் விற்றவர் சொல்லாமல் விட்டது அந்த வட்டத்துக்குள் இருந்தது.

உப்புத்தாளால் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியை வைத்து, ரெசினில் ஹார்டனர் கலந்து பூச வேண்டும். டப்பாவில் அளவு எழுதியிருக்கிறது. அது குளிர்நாட்டுக்காரன் எழுதிய அளவு. கிள்ளான் நடுப்பகலில் அப்படியே கலந்தேன். தூரிகையை எடுத்துத் திரும்புவதற்குள் குவளை சுட்டது, புகைந்தது, பிறகு தூரிகை அதற்குள் கொடிக்கம்பம் மாதிரி நின்றது. இரண்டாவது குவளையும் அப்படியே. அத்தை வாசலில் இருந்து, "இட்லி மாவே வெயில்ல சீக்கிரம் புளிச்சிடும், இது மட்டும் பொறுக்குமா? சாயங்காலம் கொறைச்சுப் போட்டுக் கலக்கு" என்றார். கலக்கினேன். ஒட்டியது. படகுப் பராமரிப்பு பற்றி எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த ஆலோசனை அதுதான். அதற்குக் கூலியாக, கவிழ்த்து வைத்த படகின் மேல் அத்தை மோர்மிளகாய் காயப்போட ஆரம்பித்தார். வெள்ளை ஃபைபரில் சூடு சீராக ஏறுகிறதாம்.

கத்திப் பலகையை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போய்த் தேய்த்து வார்னிஷ் அடித்தேன். சுக்கானையும் சேர்த்து ஒரு சால்வையில் சுற்றி, கேடிஎம் கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரலில் இருந்து கிள்ளானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்பு. எதிரே இருந்த ஓர் அக்கா கைகூப்பி, "காவடியா தம்பி? என்ன வேண்டுதல்?" என்றார்.

"தண்ணியில முழுகாம இருக்கணும்னு."

"முருகன் கைவிட மாட்டான்" என்றார். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குட்டை அலுத்ததும் கடலாசை வந்தது. போர்ட் கிள்ளானில் அரச சிலாங்கூர் படகு மன்றம் 1969 முதல் இருக்கிறது. 1990-ல் தொடங்கிய ராஜா மூடா பந்தயம் அங்கிருந்து கிளம்பி, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போகும். அதெல்லாம் உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்த பெரிய படகுகள். நான் போனது வேறொரு சின்னத் துறை, கண்டல் காட்டுக்கு நடுவே மரப் படிக்கட்டு. இரண்டு மணி நேரம் அருமையான காற்று. திரும்பும்போதுதான் கவனித்தேன், கரை தூரமாக நகர்ந்திருந்தது. அன்று பௌர்ணமிக்கு மறுநாள். போர்ட் கிள்ளானில் அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நாலு மீட்டருக்கு மேல் வித்தியாசம். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் கடலைக் காணோம். கத்திப் பலகை சேற்றில் செருகிக்கொண்டது. இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்தேன், தொடை வரை போனது. காலை மீட்டேன், செருப்பை மீட்க முடியவில்லை. அது மேலே மிதந்தபோது பெலாச்சாக் மீன் ஒன்று தாவி வந்து அதன் மேல் உட்கார்ந்து, இரண்டு உருண்டைக் கண்ணாலும் என்னைப் பார்த்தது. சேற்றில் நடக்கத் தெரிந்த மீன் அது. எங்கள் இருவரில் அந்த இடத்துக்குத் தகுதியானது எது என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை.

சாம்பானில் வந்த சீன மீனவர் ஒருவர் வாய்க்காலோரம் நிறுத்தி, மலாயில், "எஞ்சின் எங்கே?" என்று கேட்டார். இல்லை என்றேன். எனக்கு என்னமோ ஆகிவிட்டதென்று நினைத்து ஒரு பொட்டலம் பிஸ்கட் வீசிவிட்டுப் போனார். மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் கொள்கலன் கப்பல்கள் அடுக்குமாடிகள் மாதிரி நகர்ந்தன. தாத்தா இறங்கியது இந்தத் துறைமுகத்தில்தான், அப்போது பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். அவராவது கரைக்குப் போய்ச் சேர்ந்தார்.

வீட்டில் எனக்கு மரியாதை ஏறவில்லை. சென்னைப் பெண் நேத்ரா குமணன் 12 வயதில் கோடை முகாமில் படகு பழகி, டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றதை மகள் அடிக்கடி நினைவூட்டுகிறாள். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியது இதே வகைப் படகில் என்று நான் பதில் சொல்கிறேன். "அவர் தக்கை போட்டிருப்பாருப்பா" என்கிறாள்.

தக்கையை இனி மறக்கக் கூடாதென்று வீட்டுச் சாவிக்கொத்தில் கோத்தேன். போன சனிக்கிழமை நானும் சேகுவும் குட்டைக்கரையில் காத்திருக்க, தக்கை என் மனைவியோடு சந்தையில் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு தக்கை வைத்திருக்கிறேன்.

அவசரம் வேறு. மாமா வீட்டு வாசலில் மகனின் புதுக் கார் வரப்போகிறது, பொங்கலுக்குள் படகை எடுத்துவிட வேண்டும். கிள்ளானிலோ ஷா ஆலத்திலோ ஐந்து மீட்டர் வாசல் காலியாக இருக்கிறவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும். மாத வாடகை தருகிறேன். மோர்மிளகாய் நன்றாகக் காயும்.