ஜெனரேட்டரைக் கவிழ்ப்பது எப்படி?

நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணை வைத்திருக்கிறீர்களா? ஈ.பி. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய நொடியிலிருந்து உங்கள் பண்ணை தனி நாடு. கரண்ட் எடுப்பதும் நீங்கள், தின்பதும் நீங்கள். அந்த நாட்டைக் கவிழ்க்கப் பெரிதாக மெனக்கெட வேண்டாம்.

முதலில் ஸ்டார்ட்டர்களைக் கவனியுங்கள். கரண்ட் போனால் மோட்டார் இணைப்பைத் தானாக விடுவிக்க அதில் நோ-வோல்ட் காயில் என்று ஒன்று உண்டு. வேண்டாத வேலை. பச்சைப் பட்டனில் தீக்குச்சியைச் சொருகி வையுங்கள். பிறகு சேஞ்ச்ஓவர் கைப்பிடியை ஒரே இழுப்பு. ஃபேன்கள், போர் மோட்டார், தீவன மெஷின் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். நின்ற மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் கேட்கும். என்ஜின் முனகும், பல்பு மங்கும், கரும்புகை ஒரு குப்பென்று வரும், அப்புறம் சத்தமே இருக்காது. சித்திரையில் மூடிய ஷெட் என்றால் கோழிகள் சீக்கிரமே வாய் பிளந்து மூச்சு வாங்கும்.

ஒன்று போதாதா? இரண்டு ஜெனரேட்டர்களைச் சேர்த்து ஓட்டுங்கள். நான்கு போல் மெஷினில் நிமிடத்துக்கு 1500 சுற்றுதான் 50 ஹெர்ட்ஸ். இரண்டு கவர்னர்களும் "50-ஐ விட்டு இம்மியும் இறங்க மாட்டேன்" என்று நிற்கட்டும். பங்காளிச் சண்டைதான்: ஒன்று பாரம் முழுவதையும் இழுக்கும், மற்றது அதன் முதுகில் சவாரி செய்யும். விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி வைப்பார்கள். லோடு இல்லாதபோது 52, முழு லோடில் 50. பாரம் ஏற ஏற இரண்டும் கொஞ்சம் தணிந்துபோகும். யார் எவ்வளவு சுமப்பது என்று ஒயர் இழுத்துப் பேசிக்கொள்ளவே தேவையில்லை. அந்தத் தணிவுக்கு ட்ரூப் என்று பெயர்.

கூரையில் சோலார் இருக்கிறதா? உச்சி வெயிலில் ஈ.பி. போனால் அதுவும் நிற்கும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் பிழைக்கத்தான் அந்த ஏற்பாடு. நீங்கள் விற்றவரைத் திட்டுங்கள். கன்ட்ரோலர் இல்லாமல் அதை ஜெனரேட்டரோடு சேர்த்தால் இன்னும் விசேஷம். லோடு குறைந்த நேரத்தில் மிச்ச கரண்ட் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பி வரும்.

தனித்தீவாக இருப்பதில் லாபமும் உண்டு. 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட்கள் சரிந்தபோது தெற்கு தப்பியது. நம் கிரிட் மற்றவற்றோடு ஒரே துடிப்பில் சேர்ந்ததே 2013 டிசம்பர் 31-ல்தான். நமக்கு 2012-ல் கரண்ட் கட்டே போதுமானதாக இருந்தது என்பது வேறு கதை.

இந்த யோசனைகளில் ஒன்றைக்கூடக் கேட்காதவர் என் மாமா. ஜெனரேட்டர் ரூம் வாசலில் தலையைச் சாய்த்து நின்றுகொண்டு பையனிடம் கத்துவார்: "ரெண்டாவது ஃபேனப் போடுறா... இரு, இரு, மூச்சு வாங்கட்டும்... ம், இப்ப மூணாவது."