பொட்டி பேசுது கண்ணு

ஏங்கண்ணு, பன்னெண்டு ரூபா டீக்கு அந்தக் கியூஆர் அட்டை முன்னால போனை நீட்டிட்டு நின்னியே, பார்த்தேன். கடைப் பொட்டி "பன்னெண்டு ரூபாய் பெறப்பட்டது"ன்னு ஊருக்கே ஏலம் போடுது. நாங்கெல்லாம் டீ குடிச்சதை ஊட்டுக்காரிக்கே சொன்னதில்ல.

எதுக்குடான்னா, "சில்லறைத் தொந்தரவு இல்லீங்க அப்புச்சி"ங்கறே. நெசந்தான். மிச்சத்துக்கு முட்டாய் குடுத்துப் பழகுன கடைக்காரனுக்கு நல்லா வேணும். அவனுக்கும் நட்டமில்ல. 2020 சனவரியில இருந்து யூபிஐ வரவுக்குக் கடைக்காரன்கிட்டக் கமிசன் புடிக்கறதில்ல. பொறகு இளநி வண்டியில அட்டை தொங்காம என்ன செய்யும்? 2016 நவம்பர்ல ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னப்ப பேங்கு வாசல்ல காஞ்சவங்க நாங்க. உங்கப்பன் அந்தப் பயத்துல போன்ல கட்டப் பழகுனான். நீ அப்ப பள்ளிக்கொடத்துப் பையன், உனக்கென்ன பயம்?

நாஞ்சொல்லட்டா? கூட்டாளிக நாலு பேரு புரோட்டா திங்கறீங்க. ஒருத்தன் கட்டறான், மத்தவனுக உக்காந்த எடத்துலயே பங்கை அனுப்பறானுக. அங்க நீ மட்டும் கசங்குன நோட்டை உருவுனா மானம் போயிரும். அது ஒண்ணு. சூட்சுமம் இன்னொண்ணுல இருக்குது. எச்சை தொட்டு நோட்டை எண்ணறப்ப வெரலு கொஞ்சம் தயங்கும் பாரு, அந்தத் தயக்கம் இங்க இல்ல. நாலு நம்பரை அமுக்குனா ஆச்சு. அதையும் அமுக்கச் சடவுன்னு, சின்னத் தொகைக்கு நம்பரே வேண்டாம்னு யூபிஐ லைட் வேற. வலிக்காம ஊசி போடற டாக்டருகிட்டத்தான கூட்டம் நிக்கும்! அட்டையில இருக்கற அந்தக் கட்டமே 1994ல சப்பான்காரன் காரு சாமானைக் கணக்கு வெக்கக் கண்டுபுடிச்சதாம். அவன் எண்ணறதுக்குச் செஞ்சான், நீ எண்ணாம இருக்கறதுக்கு வெச்சிருக்கறே.

நல்லாப் பண்ணு சாமி. ஒரே ரோசனை: பத்தாந்தேதிக்கு மேல பேங்கு மெசேஜைத் தொறக்காதே, சோறு எறங்காது. "பணம் வருது, பின் நம்பரைப் போடு"ன்னு எவனாச்சும் போன் பண்ணுனா தாராளமாப் போடு. பணம் வாங்க அந்த நம்பரே வேண்டாம்னு உனக்குத் தெரியாதா? உங்கணக்குல இருக்கறதைப் பார்த்தா அந்தத் திருடனே பரிதாபப்பட்டு ஏதாச்சும் போட்டுட்டுப் போவான்.

இந்தா, நீ கேட்ட ஐநூறு. நோட்டுத்தான். நேரா மளிகைக்கடைக்குப் போயி, "அண்ணா, இதைக் கல்லாவுல போட்டுட்டு எம்போனுக்கு அனுப்புங்க"ன்னு நிப்பேன்னு தெரியும். வாறப்ப வெத்தலை பாக்கு வாங்கியா. அதுக்கு நீயே போனைக் காட்டிரு.