பொய்க்குத் தனி ரேட்

மார்கழி முழுக்க லென்ஸைத் துடைத்துக்கொண்டும், கேமராவை சென்சார் க்ளீனிங்குக்குக் கொடுத்து வாங்கிக்கொண்டும் உட்கார்ந்திருந்தாயிற்று. கல்யாணத்துக்கு மார்கழி ஆகாது, ஆடி ஆகாது. பைனான்ஸ்காரருக்கு மட்டும் பன்னிரண்டு மாதமும் சுபமுகூர்த்தம். இதோ தை வந்துவிட்டது. இனி பங்குனி நெருங்கும்வரை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, ஹோமப் புகையில் கண் எரிய, "போட்டோக்காரரே, கொஞ்சம் குனிங்க, மறைக்குது" என்ற வசையோடு பிழைப்பு நடக்கும். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தால் ரசத்தில் ஆரம்பித்து மோரில் முடியும். அதெல்லாம் பழகிவிட்டது. அதைப் பற்றிப் புகார் இல்லை.

இந்த நல்ல வேளையில் கல்யாண வீட்டுப் பெரியோர்களுக்கு என் புது ரேட்டைச் சொல்லிவிடுகிறேன். படம் எடுக்கப் போன வருடக் கூலியேதான். இரண்டு கேமரா, ஒரு வீடியோ, ஒரு ட்ரோன், இரண்டு ஆல்பம். ஒரு பைசா ஏற்றவில்லை. ஆனால் இந்தத் தையிலிருந்து பொய்க்குத் தனி ரேட். இத்தனை காலமும் அதைச் சும்மா சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலையில் பாதி அதுதான் என்று இப்போதுதான் கணக்குப் பார்த்தேன்.

நிறத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வரும்போது கூடவே ஒரு மாமா வருவார். எல்லா வீட்டிலும் அந்த மாமா உண்டு. நாற்காலியை என் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எங்க பொண்ணு நேர்ல இன்னும் கலருங்க. உங்க லைட்டிங்தான் கொஞ்சம் டல்லு. பாத்து ஏத்திவிடுங்க" என்பார். நேரில் எப்படி என்று எனக்குத் தெரியாதா? அவளை நாள் முழுக்கக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். மாமா பந்தியில் இருந்தார்.

ஏற்றுவது என்றால் என்ன என்று மாமாவுக்குச் சொல்ல வேண்டும். மனிதத் தோல், யாருடையதாக இருந்தாலும், எடிட்டிங் சாஃப்ட்வேரில் பெரும்பாலும் ஆரஞ்சுப் பட்டையில்தான் விழும். அந்த ஆரஞ்சின் வெளிச்சத்தை மேலே தள்ளினால் முகம் வெளுக்கும். கூடவே அதே பட்டையில் உட்கார்ந்திருக்கும் தங்கமும் மாம்பழக் கலர் பட்டும் வெளுக்கும். ஆரம் பித்தளையாகும், பட்டு பழந்துணியாகும். "ஐயய்யோ, நகை டல்லடிக்குதே!" என்று மாமா பதறுவார். பெண் வெளுக்கணும், பவுன் வெளுக்கக் கூடாது. ஆகவே முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, கழுத்துக்கு ஒரு தடவை, காதுக்கு ஒரு தடவை, ஜிமிக்கி ஓரத்தில் பிரஷ்ஷைச் சின்னதாக்கி, படம் படமாக உட்கார்ந்து பெண்ணை நகையிலிருந்து பிரிக்கிறேன். இவ்வளவும் செய்த பிறகும் ஒரு படத்தில் கையை விட்டுவிட்டால் போச்சு. முகம் காஷ்மீர், கை கரூர்.

போன ஆவணியில் ஒரு பெண் தானே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். எம்.எஸ்சி. முடித்து வேலைக்குப் போகிற பெண், மாநிறம், சிரித்தால் படம் தானாக அமையும் முகம். மாமா சொன்னபடி நான் ஏற்ற ஏற்றத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள், "இது நான் மாதிரியே இல்லையேண்ணா" என்றாள். மாமா சட்டென்று சொன்னார்: "அதுதாம்மா வேணும்."

1975-இல் கடைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லியே 2020-இல் கூச்சப்பட்டு, பெயரிலிருந்து 'ஃபேரை' எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்துக்கொண்டது. க்ரீம் விற்கிற கம்பெனிக்கு வந்த கூச்சம் பெற்ற குடும்பத்துக்கு வரவில்லை. மாப்பிள்ளை கறுப்பாக இருந்தால் மட்டும் "களையான முகம்". அவருக்கு ஆரஞ்சும் இல்லை, மாஸ்க்கும் இல்லை. எனவே ரேட்: பெண்ணை வெளுக்க, படத்துக்கு இவ்வளவு என்று தனிக் கணக்கு. மாமா கூட வந்தால் இரட்டிப்பு.

அடுத்து சீர். மண்டப வாசலில் ரிப்பன் கட்டிய கார் நிற்கும். "சாவி கொடுக்கிற மாதிரி ஒரு ஸ்டில் எடுங்க தம்பி" என்பார்கள், எடுப்பேன். உள்ளே அறையில் ஒரு பை கைமாறும்போது, "கேமராவைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க" என்பார்கள், திருப்புவேன். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். கொடுத்தாலும் வாங்கினாலும் ஐந்து ஆண்டுக்குக் குறையாத சிறை, பதினைந்தாயிரம் ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அது அபராதம். கேட்காமல் ஆசையாகக் கொடுக்கிற பரிசு என்றால் அதற்கும் 1985-ஆம் ஆண்டு விதிகள் உண்டு: பட்டியல் போட வேண்டும், பொருள் என்ன, மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், என்ன உறவு என்று எழுதி மணமக்கள் கையெழுத்துப் போட வேண்டும். எழுதத் தெரியாத ஜனமா நாம்? வாசலில் மேசை போட்டு, இரண்டு பேர் உட்கார்ந்து, நூற்றியொரு ரூபாய் மொய்யை ஊர்ப் பெயரோடு, அப்பா பெயரோடு நோட்டில் ஏற்றுகிறோம். ஒரு பெயர் விட்டுப்போனால் அடுத்த தலைமுறை வரை பகை. அந்த நோட்டில் நூற்றியொரு ரூபாய்க்கு இடம் இருக்கிறது, காருக்கு இல்லை. அந்தப் பட்டியல் மேடையில் கையெழுத்தாகி நான் இதுவரை ஒரு படமும் எடுத்ததில்லை.

மூன்று வருடம் கழித்து பெண்ணின் அப்பா ஸ்டுடியோ வாசலில் வந்து நிற்பார். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்குவார். "தம்பி, அன்னிக்கு அந்தப் பை கொடுத்தப்ப எதாச்சும் எடுத்திருக்கீங்களா? வக்கீல் கேக்கறாரு." திருப்பச் சொன்னவரே அவர்தான். இந்த வருடம் முதல் கேமராவைத் திருப்பக் கட்டணம் உண்டு, முன்பணமாக, பை எவ்வளவு கனமோ அவ்வளவு. அந்த அப்பாக்களுக்குப் பழைய ஹார்டு டிஸ்க்கில் தேடிப் பார்க்க மட்டும் காசு வாங்க மாட்டேன்.

கணவனை இழந்த அம்மாவை மறைக்கவும் ரேட் போட்டிருக்கிறேன். தனியாளாக நின்று, தையல் மெஷின் மிதித்துப் பெண்ணைப் படிக்க வைத்தவள், தாலி கட்டும் நேரத்தில் தூணுக்குப் பின்னால் நிற்பாள். தாரை வார்க்கச் சித்தப்பாவும் சித்தியும். அந்தச் சித்தப்பா பள்ளிக்கூட ஃபீஸ் கேட்டபோது ஊரிலேயே இல்லை. நான் பெரிய லென்ஸ் போட்டுத் தூணோரத்தில் அவளைப் பிடித்து ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்தால், "இது எதுக்குங்க முதல் பக்கத்துல? நல்ல காரியம் பாருங்க" என்று எடுக்கச் சொல்வார்கள். பெற்றவள் முகம் கெட்ட சகுனம். கடன் கொடுத்தவர் முகத்துக்கு முழுப் பக்கம். இந்த வேலைக்கு நான் வைத்திருக்கும் தொகையைக் கேட்டால் மண்டப வாடகை உங்களுக்கு மலிவாகத் தெரியும்.

சுயமரியாதைத் திருமணத்தை 1967-இல் சட்டமாக்கிய மாநிலம் இது. புரோகிதர் வேண்டாம், அக்னி வேண்டாம், உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினால் போதும். அப்படிப்பட்ட கல்யாணங்களுக்கும் போகிறேன். தலைவர் முக்கால் மணி நேரம் பெண் விடுதலை பேசுவார், கைதட்டலை வைடு ஆங்கிளில் எடுப்பேன். மறு வாரம் எடிட்டிங் மேசைக்கு அந்த வீட்டிலிருந்தும் ஒரு மாமா வருவார். அதே நாற்காலி, அதே ஆரஞ்சு.

இனி காதல். ப்ரீ வெட்டிங் ஷூட் என்று பெயர். 1964 டிசம்பர் புயலில் ஊரே அழிந்துபோன தனுஷ்கோடியில், இடிந்த தேவாலயத்துக்கு முன்னால், ஜாதகம் பார்த்து, குலம் கோத்திரம் விசாரித்து நிச்சயமான இருவர் பல நாள் காதலர்களாக நடிப்பார்கள். பெண்ணின் அப்பா குடை பிடிப்பார். சித்தப்பா ரிஃப்ளெக்டர் பிடிப்பார். "மாப்ள, இன்னும் கொஞ்சம் கிட்டத்துல வாங்க, கூச்சப்படாதீங்க" என்று அவர்களே சொல்வார்கள். கடற்கரையில் ஓட வேண்டும், கை கோர்க்க வேண்டும், நெற்றியில் முத்தம் தர வேண்டும், மேலே ட்ரோன் சுற்ற வேண்டும். திரும்பி வரும் வேனில் அதே சித்தப்பா, பக்கத்து ஊரில் வேறு சாதிப் பையனோடு போன பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததும் சொல்வார்: "எங்க வீடா இருந்தா ரெண்டு பேரும் இருந்திருக்க மாட்டாங்க." ரிஃப்ளெக்டரை மடித்து மடியில்தான் வைத்திருப்பார்.

சும்மா வாய்ப்பேச்சு என்று தள்ள முடியவில்லை. 2016 மார்ச் 13, உடுமலைப்பேட்டை, பட்டப்பகல். சாதி மீறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு ஜோடியை நடுரோட்டில் வெட்டினார்கள். பையன் செத்துப்போனான், பெண் காயத்தோடு பிழைத்தாள். சிசிடிவி அத்தனையையும் எடுத்தது. லைட்டிங் இல்லை, மியூசிக் இல்லை, யாரும் யாரையும் கிட்டத்தில் வரச் சொல்லவில்லை. தமிழ்நாடு மொத்தமும் உட்கார்ந்து பார்த்த கல்யாண வீடியோ அது ஒன்றுதான். காதலித்தால் அரிவாள், நடித்தால் ட்ரோன். ஆகவே காதல் நடிப்புக்கு ரேட் இரண்டு: உண்மையிலேயே காதலித்தவர்கள் வந்தால் பெட்ரோல் செலவு போதும், வீட்டார் பார்த்து அனுப்பிவைத்த காதலுக்கு முழுத்தொகை, சித்தப்பா வேனில் வாயைத் திறந்தால் பாதி வழியிலேயே இறங்கிக்கொள்ளவும் எனக்கு உரிமை உண்டு.

இந்த ரேட்டை நாலு பார்ட்டிக்கு வாட்ஸாப்பில் அனுப்பினேன். இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர், "எங்க மச்சான் பையன்கிட்ட ஐபோன் இருக்கு, அவனே எடுத்துக்குவான்" என்றார். நாலாமவர் பெரிய மனுஷர்; ஒரு வரிகூட விடாமல் படித்துவிட்டு உடனே போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை.

"எல்லாம் சரிங்க தம்பி. கலரு, பை, அண்ணி விசயம், லவ்வு, நாலும் நமக்கு வேணும். மொத்தமா பேக்கேஜ் போட்டா எவ்வளவு குறைப்பீங்க?"