காரைக்கால் கருங்கோடு: ஓர் உரைவிளக்கம்

ஆய்வுப் பொருள் எங்கள் வீட்டு வாஷ்பேசினும் சுவரும் சந்திக்கும் இடத்தில் ஓடும் சிலிக்கான் பட்டை. நீளம் இரண்டு அடிக்குச் சற்றுக் குறைவு. அகலம் சுண்டுவிரல் நகம். பூசிய அன்று நிறம் வெள்ளை. அதன்மேல் இரண்டாம் ஐப்பசியில் ஒரு புள்ளி தோன்றியது. கார்த்திகைக்குள் அது கோடாயிற்று. அக்கோட்டின் வரலாறும் ஒழிப்பும் இவண் ஆராயப்படும்.

இக்கருமைக்குப் பெயர் யாது என்பதிலேயே பாடபேதம் உண்டு. ‘அழுக்கு’ என்பார் என் மனைவி. ‘பாசி’ என்பார் மாமியார். ‘பங்கஸ் சார்’ என்பார் பிளம்பர். அப்படிச் சொன்ன மாத்திரத்தில் கூலி நூறு ரூபாய் ஏறும். அழுக்கென்பது பொருந்தாது. என்னை? அழுக்காயின் தேய்த்தால் போயிருக்கும். பழைய பல் பிரஷ் இரண்டு மொட்டையானதுதான் கண்ட பலன். பாசியென்பதும் பொருந்தாது. என்னை? பாசிக்குப் பச்சையும் வெளிச்சமும் வேண்டும். எங்கள் பாத்ரூமிலோ நண்பகலிலும் லைட் போட்டால்தான் குழாய் தெரியும். எனவே பிளம்பர் பாடமே கொள்ளப்பட்டது. கூலி கொள்ளப்படவில்லை.

இத்தகைய கருமை ஓர் உயிரன்று, ஒரு கூட்டுக்குடும்பம். கிளாடோஸ்போரியம், ஆரியோபசிடியம், ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்போர் வழக்கமான உறுப்பினர். மூன்றாமவருக்குக் குடிப்பெயர் வைத்தவர் ஃப்ளாரன்ஸ் நகரத்துப் பாதிரியாரும் தாவர ஆய்வாளருமான மிக்கேலி, ஆண்டு 1729. உருப்பெருக்கியில் பார்த்தபோது, தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியைப் போல் இருந்ததாம். அதன் பெயரையே சூட்டிவிட்டார். ஓயாமல் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் குடியிருப்பவருக்கு இதனினும் பொருத்தமான பெயர் அமையாது.

இவர்கள் சிலிக்கானைத் தின்பதில்லை என்பது கருதத்தக்கது. சிலிக்கான் வெறும் பாய், பந்தி வேறு. சோப்புப் பிசுக்கு, எண்ணெய்க் குளியலின் மிச்சம், நம் தோலிலிருந்து உதிரும் செதில் இவையே உணவு. அதாவது பட்டையின்மேல் இருப்பது ஒருவகையில் எங்கள் குடும்பமேதான். ‘பாத்ரூமுக்கு’ என்று எழுதி விற்கும் சிலிக்கானில் பூஞ்சைக்கொல்லி கலந்திருக்கும். அது மெல்ல நீரில் கரைந்து வெளியேறும். முற்றும் வெளியேறியபின் இவர்கள் குடியேறுவர். கருமையைத் தருவது மெலனின், நம் தலைமயிரைக் கறுப்பாக்கும் அதே வகைப் பொருள். 1986இல் வெடித்த செர்னோபில் அணு உலையின் சிதைவுகளுக்குள்ளேயே இக்கருநிறப் பூஞ்சைகள் வளரக் கண்டனர். அணு உலைக்கு அஞ்சாதது மொட்டைப் பிரஷ்ஷுக்கா அஞ்சும்?

இனி நிலம். ‘காரை’ என்றால் சுண்ணாம்புச் சாந்து, ‘கால்’ என்றால் வாய்க்கால். ஆகவே ஊர்ப்பெயர் காரைக்கால் என்பார் ஒரு சாரார். முள் நிறைந்த காரைச் செடி என்பார் மற்றொரு சாரார். இவ்வாய்வாளர் முதற்சாராரைச் சேர்ந்தவர். அது உண்மையென்பதால் அன்று, கட்டுரைக்கு உதவும் என்பதால். புதுச் சுண்ணாம்பு கடுங்காரம். அதில் பூஞ்சணம் தலைகாட்டாது. மழைக்காலம் முடிந்து, சுவரெல்லாம் ஓதம் பூத்து நிற்கும் மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கென்று நம் முன்னோர் வெள்ளையடித்தது வெறும் அழகுக்கன்று என்பது இதனால் பெறப்படும். அவர்கள் சுண்ணாம்பை நிரந்தரம் என்று நம்பவில்லை, வருடந்தோறும் புதுப்பித்தார்கள். குளித்ததோ கொல்லைக் கிணற்றடியில், வெயிலே துடைத்துவிடும். நாம் குளியலை வீட்டுக்குள் கொண்டுவந்தோம், டைல்ஸ் ஒட்டினோம், இடுக்கில் ஒருமுறை சிலிக்கான் பிதுக்கினோம், பிறகு அது ஆயுளுக்கும் என்று இருந்துவிட்டோம்.

கிழக்கே கடல், ஊருக்குள் அரசலாறு, ஐப்பசி பிறந்தால் அடைமழை. போட்ட துண்டு மறுநாளும் நசநசவென்று கிடக்கும். ‘காற்றோட்டம் வேண்டும்’ என்று எளிதாகச் சொல்லிவிடுவர். வென்டிலேட்டரைத் திறந்தால் பூஞ்சணம் குறையும். டெல்டாக் கொசு முழுவதும் உள்ளே வரும். மூடினால் கொசு நிற்கும், பூஞ்சணம் தழைக்கும். வலை அடித்தால் இரண்டும் தீரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கள் வலை மூன்று ஆண்டுகளாக ‘அடிக்கணும்’ என்ற நிலையில் உள்ளது. எக்ஸாஸ்ட் ஃபேனில் குளவி கூடு கட்டியிருக்கிறது.

அரசியல் புவியியலும் இங்கே துணைசெய்யும். காரைக்கால் ஒரு தனித்துண்டு. கடல் நீங்கலாகச் சுற்றிலும் தமிழ்நாடு, ஆட்சியோ ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில். சிலிக்கான் பட்டையும் அத்தகையதே. சுவரைத் தேய்ப்பவர் பேசின் எல்லையில் நிறுத்துவார். பேசினைக் கழுவுபவர் சுவர் எல்லையில் நிறுத்துவார். இடையிலுள்ளதற்குப் பொறுப்பு யார் என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. தீர்வு எட்டப்படவில்லை, கோடு இரண்டு அங்குலம் எட்டியது.

ஒழிப்பு முறைகளுள் முதலாவது வெளுப்பு. இதிலும் ஊருக்கு உரிமை உண்டு. 1739இல் தஞ்சை மராட்டியரிடமிருந்து காரைக்காலைப் பெற்ற பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில், 1785இல் பெர்தொல்லே என்ற வேதியியலாளர் குளோரினின் வெளுக்கும் ஆற்றலைக் காட்டினார். பாரிசை ஒட்டிய ழவேல் என்ற சிற்றூரில் அதைக் கரைசலாக்கினர். இன்றும் பிரெஞ்சுக்காரர் வீட்டு பிளீச்சுக்கு அவ்வூர்ப் பெயர்தான். அதன் வழித்தோன்றலைப் பஞ்சுத்திரியில் நனைத்து, பட்டையின்மேல் நீளவாக்கில் படுக்கவைத்து, காயாதபடி பிளாஸ்டிக் தாள் மூடி, ஓர் இரவு விட்டேன். காலையில் வெள்ளை. மனைவி வந்து பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனார். எங்கள் வீட்டில் அதுவே பாராட்டுரை.

நாற்பதாம் நாள் கோடு திரும்பிவந்தது, அதே இடத்தில், அதே வளைவில். வெளுத்தது நிறம் மட்டுமே. சிலிக்கானுக்கும் சுவருக்கும் இடையே வேர்போல் இறங்கிய இழைகள் அங்கேயே இருந்தன. இதை விளங்கிக்கொள்ள இவ்வூராருக்கு எடுத்துக்காட்டு வெளியில் தேடவேண்டியதில்லை. 1954 நவம்பர் 1ஆம் நாள் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் கைமாறியது. சட்டப்படி கைமாறியதோ 1962 ஆகஸ்ட் 16. இடைப்பட்ட காலம் ஏழு ஆண்டு, ஒன்பதரை மாதம். சனீஸ்வரன் சன்னதி கொண்ட திருநள்ளாறு இதே காரைக்காலில் இருக்க, ஏழரை ஆண்டும் கூடுதலாக மூன்றரை மாதமும் ஆனது என்பதை வரலாற்று ஆசிரியர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. பிளீச் செய்வது 1954; 1962ஐ அது தராது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை, விளையாட்டன்று. பிளீச் பலிக்கவில்லையென்று அதன்மேலேயே டாய்லெட் ஆசிட்டை ஊற்றுவோர் உளர். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரில் பிரெஞ்சுப் படையின்மேல் ஜெர்மானியர் திறந்துவிட்டது அதே வாயுதான். அங்கே திறந்தவெளி, இங்கே கதவு சாத்திய ஆறடிக்கு நாலடி.

எஞ்சிய வழி அறுவை. போகியன்று கட்டர் பிளேடால் பழைய பட்டையை இருபுறமும் கீறி உரித்தேன். நாடா போல் வந்தது. அடிப்புறம் முழுக்கக் கறுப்பு, மேற்புறத்தைவிட அதிகம். ஒட்டிய துணுக்குகளைச் சுரண்டி, மீண்டும் பிளீச் தடவி, கழுவி, பெடஸ்டல் ஃபேன் வைத்து நாள் முழுதும் உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடைத்தேன். முதன்முதலில் பூசிய கொத்தனார் ஈரச்சுவரிலேயே பிதுக்கியிருந்தார் என்பது அப்போது வெளிப்பட்டது. இருபுறமும் டேப் ஒட்டி, முனையைச் சாய்வாக வெட்டிய டியூபைத் துப்பாக்கியில் மாட்டி, ஒரே இழுப்பாக இழுத்து, சோப்புநீர் தொட்ட விரலால் வழித்தேன். அறை முழுவதும் வினிகர் வாடை; உறையும்போது அசெட்டிக் அமிலம் வெளியேறும் வகை அது. ‘ஊறுகா போடுறீங்களா?’ என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

இருபத்துநான்கு மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. கதவில் எழுதி ஒட்டினேன். வீட்டாரிடம் வாயாலும் சொன்னேன்.

பொங்கலன்று விடியற்காலை நாலரை மணிக்குக் குழாய்ச் சத்தம் கேட்டு ஓடினேன். மாமியார் முகம் கழுவிக்கொண்டிருந்தார். பட்டையின் நடுவில், காய்ந்ததா என்று அவர் தொட்டுப் பார்த்த இடத்தில், ஒரு கட்டைவிரல் தடம் கல்வெட்டாகப் பதிந்திருந்தது.

‘அத்தை, தண்ணி படக்கூடாதுன்னு சொன்னேனே!’

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி கேட்டார்: ‘தண்ணி படுற எடத்துக்குன்னுதானே பூசினீங்க, மாப்ளே?’

இவ்விடத்துக்கு உரை கண்டவர் எவரும் இலர்.