எட்டு மணி நேர விருந்தாளி

2024 ஜூலையில் பார்சிலோனா மக்கள் தெருவில் இறங்கினார்கள். கையில் பொம்மைத் துப்பாக்கி, அதற்குள் தண்ணீர். உணவக வாசலில் உட்கார்ந்திருந்த சுற்றுலாப் பயணிகள் மேல் பீய்ச்சி, ‘ஊருக்குப் போங்கள்’ என்றார்கள்.

அதே மாதம் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்திலும் தண்ணீர் பீய்ச்சினார்கள். ‘சான் ஃபெர்னாண்டோ’ என்ற சரக்குக் கப்பல் வந்தது. இழுவைப் படகுகள் தண்ணீரைப் பீய்ச்சி சலாம் வைத்தன. அங்கே பீய்ச்சியது மக்கள். இங்கே பீய்ச்சியது அதிகாரம்.

ஸ்பெயின் துறைமுகங்களில் நடப்பது ஊரறிந்த கதை. காலையில் ஒரு மிதக்கும் ஓட்டல் வந்து நிற்கும். ஆயிரக்கணக்கில் இறங்குவார்கள். ஒரு வீதி, ஒரு தேவாலயம், ஒரு ஐஸ்கிரீம். இரவுச் சாப்பாடு கப்பலில்தான். அதற்குத்தான் ஏற்கெனவே பணம் கட்டியாயிற்றே. ஊருக்கு மிஞ்சுவது நெரிசலும் வாடகை உயர்வும். பால்மா நகரம் 2022 முதல் நாளொன்றுக்கு மூன்று கப்பல் போதும் என்றது. பார்சிலோனா தன் ஏழு முனையங்களை 2030-க்குள் ஐந்தாகக் குறைக்க 2025-இல் ஒப்பந்தம் போட்டது.

தின்று சலித்தவன் இலையை மூடுகிறான். நாம் இப்போதுதான் பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிறோம். கொச்சியில் 25.72 கோடி ரூபாயில் ‘சாகரிகா’ என்ற பயணிகள் முனையம் 2021-இல் திறந்தாயிற்று. அடுத்தது தலைநகரம் திருவனந்தபுரம். கொள்கலன் வந்துவிட்டது, உல்லாசக் கப்பலும் வரும் என்கிறார்கள்.

வரட்டும். வருகிறவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட நாலு இடம் வேண்டுமே. சுற்றுலாத் துறைக்கு ஏகப்பட்ட வேலை. வரி கட்டுகிற நாங்களே பட்டியல் போட்டுத் தருகிறோம். கட்டணம் இல்லை.

காலை 9 மணி: துறைமுகம்.

வணக்கம் துரைமாரே, சீமாட்டிகளே! நீங்கள் நிற்பது சுமார் 8,900 கோடி ரூபாய். ஆழம் இயற்கை கொடுத்தது. அலைதடுப்புச் சுவர் மலைகள் கொடுத்தது. அந்தக் கற்களை உற்றுப் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்து மலைகளும் அதில் கிடக்கின்றன. களியக்காவிளை வழியாக லாரி லாரியாக வந்தவை. வெட்ட அனுமதி கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். அது தமிழ்நாட்டு அரசின் தாராளம். கேரளமும் சும்மா இருக்கவில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலிக் கிராமங்களில் திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவு கொட்டிக் கிடந்தது. பசுமைத் தீர்ப்பாயம் அதட்டிய பிறகுதான் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். கல் மேற்கே போகும். குப்பை கிழக்கே வரும். இதற்குப் பெயர் இரு மாநில நல்லுறவு.

அதோ அந்த மேடை. 2025 மே 2-இல் பிரதமர் வந்து துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 2015-இல் அதானியுடனான ஒப்பந்தத்தை ஊழல் என்று முழங்கிய மார்க்சிஸ்டுகள் அன்று வெற்றி விழா கொண்டாடினார்கள். ஒப்பந்தம் போட்ட காங்கிரஸ்காரர்கள், எங்கள் முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி பெயரைக் காணோமே என்று அழுதார்கள். பாஜக மாநிலத் தலைவர் மேடையில். மாநில அமைச்சர் ரியாஸ் கீழே பார்வையாளர் வரிசையில். அன்றைய பெரிய தேசியப் பிரச்சினை நாற்காலி. கடலோரத்துக்காரர் எங்கே உட்கார்ந்தார் என்று எவரும் கேட்கவில்லை.

10.30: வலியதுறை.

இது கிட்டங்கி. சரக்கு வைக்கக் கட்டியது. இதில் வருடக்கணக்கில் மனிதர்களை வைத்திருந்தார்கள். கடல் வீட்டை எடுத்துக்கொண்ட மீனவக் குடும்பங்கள். பெட்டிகளுக்குத் துறைமுகம், மக்களுக்குக் கிட்டங்கி. 2022-இல் அவர்கள் போராடினார்கள். நான்கு மாதத்துக்கு மேல் நீண்ட போராட்டம்; துறைமுக வாசலிலும் உட்கார்ந்தார்கள். அரசு மனம் இரங்கி மாதம் 5,500 ரூபாய் வாடகை தருவதாகச் சொன்னது. இந்தத் தொகைக்குத் தலைநகரில் எங்கே வீடு கிடைக்கும் என்று அரசே ஒரு தரகரைக் காட்டியிருக்கலாம்.

கரை அரிப்புக்குத் துறைமுகம் காரணமா என்று ஆராய நிபுணர் குழு போட்டார்கள். துறைமுகத்துக்கு வக்கீல் உண்டு. கடலுக்கு இல்லை. ஆகவே பழி கடல் மேல். போராட்டத்தை எதிர்த்து மார்க்சிஸ்ட் மாவட்டச் செயலாளரும் பாஜக மாவட்டத் தலைவரும் ஒரே மேடையில் நின்றார்கள். பசியும் வேலையின்மையும் சேர்க்க முடியாத இருவரை ஒரு துறைமுகம் சேர்த்து வைத்தது. 2025-இல் முட்டத்தறையில் அடுக்குமாடி வீடுகள் கொடுத்தார்கள். சாவியோடு படம் எடுத்தார்கள். இவர்கள் வீட்டைக் கடல் கொண்டுபோன ஆண்டு எது என்று அந்தப் படத்தின் கீழே எழுதவில்லை.

12 மணி: சங்குமுகம்.

கடற்கரை பார்க்க வேண்டும் என்றீர்கள். மிச்சம் இருக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருமுறை பத்மநாபசுவாமி இங்கே ஆராட்டுக்கு வருவார். ஊர்வலம் விமான ஓடுபாதை வழியாகவே போகும். அதற்காக விமானங்களை நிறுத்தி வைப்பார்கள். விமான நிலையமும் 2021 முதல் அதானியிடம்தான். நீங்கள் கடல் வழியாக வந்தாலும் வான் வழியாக வந்தாலும் வாசலில் நிற்கிற காவலாளி ஒரே முதலாளியின் ஆள். அனந்தபுரத்துப் பெருமாளுக்காக விமானத்தை நிறுத்த முடிகிறது. அவர் நீராடுகிற கரை கரைவதை நிறுத்த முடியவில்லை.

பிற்பகல் 2 மணி: தம்பானூர்.

ரயில் நிலையத்துக்கு அடியில் ஓடுவது ஆமையிழஞ்சான் தோடு என்ற கால்வாய். ஓடுவது என்பது மரியாதைக்குச் சொன்னது. 2024 ஜூலை 12, வெள்ளிக்கிழமை: விழிஞ்ஞத்தில் சான் ஃபெர்னாண்டோவுக்கு முதலமைச்சரும் மத்திய அமைச்சரும் கூடி வரவேற்பு விழா நடத்தினார்கள். மறுநாள் சனிக்கிழமை: குப்பை அள்ள இந்தத் தோட்டில் இறங்கிய ஒரு ஒப்பந்தத் தொழிலாளி காணாமல் போனார். ஒரு பெருங்கப்பலைக் கரையோரம் அங்குலம் பிசகாமல் நிறுத்தத் தெரிந்த நகரம், ஒரு மனிதனைக் குப்பைக்குள்ளிருந்து எடுக்க மூன்றாம் நாள் வரை தவித்தது. உயிரோடு எடுக்கவில்லை. ரயில்வே மாநகராட்சியைக் காட்டியது. மாநகராட்சி ரயில்வேயைக் காட்டியது. விழாவுக்கு உரிமை கோர ஆள் வரிசை. சாவுக்கு ஒருவரும் இல்லை.

படம் எடுத்துக்கொள்ளலாம். நாற்றம் படத்தில் வராது.

3.30: கொச்சுவேளிக் கடற்கரை.

மணலில் வெள்ளையாக மின்னுவது முத்து அல்ல. பிளாஸ்டிக் மணிகள். விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட ‘எம்.எஸ்.சி. எல்சா 3’ 2025 மே 25-இல் 640 கொள்கலன்களோடு மூழ்கியது. அதன் நினைவுப் பரிசு. இங்கே ஒரு சின்னக் கணக்கு சொல்லட்டுமா? அந்த மீனவர் போராட்டத்தின்போது, 2022 நவம்பர் 26-இல், விழிஞ்ஞத்தில் கலவரம். லத்தீன் கத்தோலிக்கப் பேராயரையே குற்றவாளியாகச் சேர்த்து வழக்குப் பதிய போலீசுக்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. மூழ்கிய கப்பல் மீது வழக்குப் பதிய 17 நாள் ஆயிற்று. ஜூன் 11-இல்தான் பதிந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு, ஜூன் 9-இல், அதே நிறுவனத்தின் ‘எம்.எஸ்.சி. இரினா’ விழிஞ்ஞத்துக்கு வந்தது. உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல்களில் ஒன்று. பெருமை பொங்க வரவேற்றோம். சின்னக் கப்பல் கடலில் கிடக்கிறது, பெரிய கப்பலுக்குக் கைதட்டுகிறோம். வாடிக்கையாளரின் மனம் நோகக் கூடாது பாருங்கள்.

பிறகு ரோஷம் வந்தது. உயர் நீதிமன்றத்தில் 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டது மாநில அரசு. சபாஷ். மீன் வாங்க ஆளில்லாமல் வலையைச் சுருட்டி வைத்த மீனவக் குடும்பத்துக்கு அதே அரசு எவ்வளவு கொடுத்தது? ஆயிரம் ரூபாய். கூடவே ஆறு கிலோ அரிசி. கப்பல்காரனிடம் கேட்கும்போது கடல் விலைமதிப்பற்றது. மீனவனுக்குக் கொடுக்கும்போது அதற்கு ரேஷன் விலை.

மாலை 5 மணி.

நேரமாயிற்று துரைமாரே. சங்கு ஊதிவிட்டார்கள், ஏறிக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் எட்டு மணி நேரம் இருந்துவிட்டு, அந்த ஊருக்கு எதுவும் கடன்படாமல் போக உங்களுக்கு ஒரு கப்பல் நிற்கிறது. எங்கள் அமைச்சர்களுக்கு மேடை இருக்கிறது. முதலாளிக்குப் பல பத்தாண்டுக் குத்தகை இருக்கிறது. இந்தக் கரையில் பிறந்தவனை மட்டும் கரையிலிருந்து இறக்கிவிட்டாயிற்று. அவன் ஏற வேண்டிய கப்பல் எது என்று எந்தக் கட்சியும் இன்னும் சொல்லவில்லை.