ஆறடிச் சந்தும் ஆறடி லேத்தும்

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் நெம்புகோல் பாடம் எடுத்தவன் நான். கரும்பலகையில் ஒரு கோடு, அதன் அடியில் ஒரு முக்கோணம், இந்தப் பக்கம் பளு, அந்தப் பக்கம் திறன். நிற்க ஓர் இடம் கொடுத்தால் பூமியையே நகர்த்திக் காட்டுகிறேன் என்று ஆர்க்கிமிடீஸ் சொன்னதாக ஒரு கதை உண்டு. அதைச் சொல்லும்போதெல்லாம் நானும் ஒரு கையை நீட்டி, பூமியை நகர்த்துவதுபோல நடித்துக் காட்டுவேன். பையன்கள் சிரிப்பார்கள். அந்த மனுஷன் எதற்காக 'நிற்க ஓர் இடம்' கேட்டார் என்பது கள்ளக்குறிச்சியில் எங்கள் சந்து முனையில், ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவான இரும்போடு நின்றபோதுதான் புரிந்தது. கடப்பாரை இருந்தது, தத்துவம் இருந்தது, நிற்கத்தான் இடமில்லை.

ஓய்வு பெற்றதும் ஊரில் என் வயசுக்காரர்கள் காசிக்குப் போனார்கள், காலி மனை வாங்கினார்கள். நான் சேலத்தில் மூடிப்போன ஒரு பட்டறையிலிருந்து பழைய ஆறடி லேத்து ஒன்றை வாங்கினேன். சின்னதாக ஒரு நீராவி எஞ்சினை என் கையாலேயே கடைந்து ஓடவிட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. இதை யாரிடமும் சொல்ல முடியாது. "லேத்து எதுக்கு?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொன்னேன். எங்கள் ஊர் மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர்க்காரர்களிடம் பெருமையடிக்க ஒரு விஷயம் இருக்கிறது. அந்த வேலை செய்யும் தெரிந்த சிற்பி ஒருவர் வந்து, "மரம் கடையவா சார்?" என்றார். இரும்பு கடைய என்றதும் அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. வாகை மரத்தில் பிள்ளையார் செதுக்கினாலாவது விற்கும்.

லாரி சேலத்திலிருந்து ஆத்தூர், தலைவாசல், சின்னசேலம் வழியாக ஒரு பொழுதுக்குள் வந்துவிட்டது. சின்னசேலத்தைத் தாண்டி வந்தது கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். அதற்கு ஆன நேரம் ஒரு மணிக்கும் குறைவு. பெரிய தெருவிலிருந்து எங்கள் வீட்டு வாசல் வரை 70 அடி. அதற்கு ஆனது பதினோரு நாள்.

சந்தின் அகலம் ஆறடி. அதுவும் வாய்ப்பேச்சுக்கு. ஒரு வீட்டுக்காரர் படியை முக்கால் அடி வெளியே இழுத்துக் கட்டியிருக்கிறார், இன்னொருவர் குடிநீர்க் குழாயைச் சுவருக்கு வெளியே நிறுத்தியிருக்கிறார். ஹைட்ரா கிரேன்காரர் வந்து பார்த்தார். மேலே மின்கம்பி, கீழே சாக்கடைப் பலகைக்கல். "இதுல என் வண்டி நுழைஞ்சா வெளிய வராது சார், நானும் உங்க வூட்லயே இருக்க வேண்டியதுதான்" என்று சொல்லி, டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார். அதுவரை லேத்து, தெருமுனையில் தெரிந்தவர் ஒருவரின் காலி மனையில், தார்ப்பாய் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இரவில் பார்த்தால் யானை படுத்திருப்பதுபோல இருக்கும். இரண்டு நாய்கள் அதன் அடியில் குடியேறின.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் பக்கம் கரும்புச் சீமை. ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டயர் மாட்டு வண்டிகள் இப்போது டிராக்டருக்கு வழிவிட்டு, பல வீடுகளில் வேப்பமரத்தடியில் சும்மா நிற்கின்றன. தூரத்து உறவு ஒருவரிடம் அப்படி ஒன்று இருந்தது. அகலம் சந்துக்கு ஒத்து வந்தது. ஒரே சிக்கல், அதன் மேடை தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் இருந்தது. லேத்தை மூன்றடி தூக்கி ஏற்றி, மறுபடி மூன்றடி இறக்க வேண்டும். தூக்குவதில் உள்ள ஆபத்து உயரத்தோடு சேர்ந்து ஏறும். லேத்து தலைக்கனம் பிடித்த ஜந்து, ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்ததுதான். ஆகவே மேடையைத் தாழ்த்த வேண்டும். அச்சுக்கு மேலே இருக்கும் மேடையை அச்சுக்குக் கீழே தொங்கவிட்டால் தரையிலிருந்து முக்கால் அடிதான். இரவு முழுக்க உட்கார்ந்து ஸ்கேல் வைத்துப் படம் போட்டேன். பளு எங்கே, ஈர்ப்பு மையம் எங்கே என்றெல்லாம் அம்புக்குறி போட்டிருந்தேன்.

வெல்டிங் பட்டறையில் வெல்டர் அந்தப் படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "மேடை கீழ போயிடுச்சு. சரி. அச்சு குறுக்கால போவுதே சார், மிஷின் எங்க குந்தும்?"

நான் அந்தப் படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை.

அவரே வழி சொன்னார். நேராக ஓடும் அச்சுக்குப் பதிலாக, இரண்டு ஓரத்திலும் மேலே நின்று நடுவில் தொட்டில்போலக் கீழே இறங்கும் ஓர் அச்சு. சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும், மேடை தாழ்ந்த பகுதியில் உட்காரும். பழைய அச்சைத் தொட வேண்டாம், கழற்றி ஓரமாக வைத்துவிடலாம். புதிதாகத் தடித்த சதுரக் கம்பி வாங்கி, முக்கால் அங்குலத் தகடு வெட்டி, பற்றவைத்துத் தருவதாகச் சொன்னார். "ஆனா பேரிங் உக்கார்ற முனை ரெண்டையும் கடைஞ்சு எடுத்தாந்துடுங்க."

கடைய வேண்டுமென்றால் எதில் கடைவது? லேத்தில்.

லேத்து எங்கே இருக்கிறது? தார்ப்பாய்க்குள், நாய்களுக்கு மேலே.

சேலம் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள ஒரு லேத்துப் பட்டறைக்குப் போனேன். போர்வெல் மோட்டாருக்கு வேலை செய்யும் பட்டறை. அதன் முதலாளி இரண்டு கம்பியையும் வாங்கிப் பார்த்து, எதற்கு என்று கேட்டார். வீட்டுக்கு லேத்து கொண்டுபோக என்றேன். அவர் ஓடிக்கொண்டிருந்த மிஷினை நிறுத்திவிட்டு, உள்ளே இருந்த பையனைக் கூப்பிட்டு, "சார் சொல்றதைக் கேளுடா" என்றார். நான் மறுபடி ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

வண்டி தயாரானது. பார்ப்பதற்கு, குனிந்து எதையோ தேடுகிற மாடு போல இருந்தது. அடுத்து, ஏற்ற ஆள் வேண்டும். அப்போதுதான் மலையிலிருந்து என் பழைய மாணவன் வந்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்தது 1992-இல், கல்வராயன் மலையில். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வெள்ளிமலை வரை போய், அங்கிருந்து நடந்தால் வரும் ஊர். நாடு சுதந்திரம் அடைந்து 29 வருஷம் கழித்து, 1976 வரை, மூன்று ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. சாலை என்ற பேச்சே அதற்குப் பிறகுதான். நான் போன மறுவருஷம் அந்த ஊருக்கு முதல் மாவு மிஷின் வந்தது. சாமையை உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப்போன பெண்கள் காசு சேர்த்துக் கேட்டு வாங்கியது. அதை ஓட்ட ஓர் ஆயில் எஞ்சின். 300 கிலோ இருக்கும். சாலை முடிந்த இடத்தில் அதை இறக்கி வைத்துவிட்டு ஜீப் போய்விட்டது. நான் ஓடிப்போய், எத்தனை பேர் தூக்கினால் ஒருவருக்கு எத்தனை கிலோ என்று வகுத்தல் போட்டுக் காட்டினேன். ஒரு பெரியவர் வெற்றிலையை மென்றபடி, "ஏன் சார் தூக்கணும்? பிரிச்சுடலாமே" என்றார். பிரித்தார்கள். சக்கரங்களை மூங்கிலில் கோத்து இரண்டிரண்டு பேர், சிலிண்டரைத் தலையில் ஒருவர், நட்டு போல்ட்டெல்லாம் ஒரு பாட்டியின் மடியில். சாயங்காலம் எஞ்சின் ஊரில் இருந்தது. என் வகுத்தல் கணக்கு மட்டும் கீழேயே தங்கிவிட்டது.

அந்தப் பெரியவரின் பேரன்தான் இவன். இப்போது சொந்த டிராக்டரில் குச்சிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறான். லோடு இறக்கிவிட்டு, இரண்டு ஆட்களோடும் அரை மூட்டை மரத்துண்டுகளோடும் வந்தான். வந்ததும் லேத்தைச் சுற்றி ஒரு வலம் வந்தான். "பிரிச்சுடலாம் சார்."

பிரித்தோம். சக் கழன்றது, டெயில்ஸ்டாக் கழன்றது, மோட்டார் கழன்றது, பல்சக்கரங்கள் வரிசையாகச் சாக்கின் மேல் படுத்தன. கழற்றிய போல்ட்டுகளை என் மனைவி எண்ணி ஓர் எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடி வைத்தாள். "43. நாளைக்கு 42 இருந்தா என்னைக் கேக்கக் கூடாது." மச்சான் செயின் புல்லியும் குழாய் முக்காலியும் இரவல் வாங்கி வந்திருந்தான். "மாமா, நீங்க ஓரமா நின்னு சொல்லுங்க, நாங்க செய்யறோம்" என்றான். இதன் அர்த்தம் 'ஓரமாக நில்லுங்கள்' என்பது மட்டுமே.

தூக்கும்போது ஒன்றை மட்டும் நான் சொன்னேன், அதைக் கேட்டார்கள் என்பதால் பதிவு செய்கிறேன். கயிறு பெட்டைச் சுற்றித்தான் போக வேண்டும், முன்பக்கம் ஓடும் லீட் ஸ்க்ரூவில் படக்கூடாது. அது வளைந்தால் லேத்து வெறும் இரும்புதான். ஹெட்ஸ்டாக் பக்கம் கனம் என்பதால், நடுவில் இருக்கும் கேரேஜை மறுகோடிக்குத் தள்ளிச் சமன் செய்தோம். சங்கிலி கரகரவென்று இழுபட்டது. லேத்தின் கால் தரையை விட்டு நான்கு விரல்கடை எழும்பியது. நாய்கள் இரண்டும் வெளியே வந்து, தங்கள் கூரை பறப்பதை அண்ணாந்து பார்த்தன. மேடை நுழையும் உயரம் வந்ததும் வண்டியை அடியில் பின்னோக்கித் தள்ளி, இறக்கினோம். டயர் கொஞ்சம் நசுங்கியது, அவ்வளவுதான்.

சந்து லேசான சரிவு. பாதி தூரத்தில் வண்டி தானாக நகர ஆரம்பித்தது. வேகம் ஒன்றும் பெரிதில்லை, பெருமாள் புறப்பாடு மாதிரிதான், ஆனால் எதிரே பக்கத்து வீட்டுக் குழாய். நான் என்னையறியாமல், "நிலைமம்! நிலைமம்!" என்று கத்தினேன். எதிர்வீட்டம்மா, யாரையோ திட்டுகிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். என் மாணவன் கத்தவில்லை. ஒரு மரத்துண்டை எடுத்து, குனியாமல் காலாலேயே சக்கரத்துக்கு முன் ஒரு ஓரமாகத் தள்ளினான். சக்கரம் அதன்மேல் கால்வாசி ஏறி, யோசித்து, குழாய்க்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி நின்றது.

முட்டுக்கட்டை. நம் பேச்சில் அந்தச் சொல்லுக்கு நல்ல பேரே கிடையாது. எதையாவது கெடுக்கிறவனைத்தான் முட்டுக்கட்டை போடுகிறான் என்கிறோம். தேரோட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் கூவி இழுப்பார்கள், ஆனால் தேர் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, சக்கரத்தடியில் கட்டையோடு ஓடும் நாலு பேர்தான். திருவாரூர் ஆழித்தேர் சுமார் 300 டன். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு ஓய்வில்லை, நாலு வீதி முனையிலும் தேரைத் திருப்புவது அவர்கள்தான். பாடப் புத்தகத்தில் சாய்தளம், ஆப்பு என்று இதற்கும் ஓர் அரைப்பக்கம் உண்டு. பரீட்சைக்கு வராது என்று 31 வருஷமும் தாண்டிப் போயிருக்கிறேன்.

வாசலில் அடுத்த கண்டம். கேட் நாலடி, வண்டி அதைவிட அகலம். லேத்தை வண்டியிலிருந்து சறுக்கவிட்டு, இரண்டங்குல ஜி.ஐ. குழாய்த் துண்டுகள் மேல் இறக்கி உருட்டினோம். குழாயைச் சுத்தியலால் ஒரு பக்கம் தட்டினால் லேத்து மறுபக்கம் திரும்புகிறது. அழகான வித்தை. ஆனால் திரும்ப வேண்டிய இடத்தில் துளசி மாடம்.

2018 கடைசியில் வந்தவாசிப் பக்கம் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்கு ஒரு பெருமாள் சிலைக்கான ஒற்றைக் கல்லை 240 டயர் வண்டியில் ஏற்றிக் கிளம்பினார்களே, ஞாபகம் இருக்கிறதா? டயர் வெடித்து, வழியில் செஞ்சியில் கடைகளையும் வீடுகளையும் இடித்து வழிவிட்டு, 2019 நடுவில்தான் அது போய்ச் சேர்ந்தது. தினமும் செய்தியில் பார்த்துவிட்டு, "இவங்க கிளம்பறதுக்கு முன்னாடி அளந்தே பாக்கலியா?" என்று நான் சிரித்திருக்கிறேன். அதை என் மனைவி மறக்கவில்லை.

"அங்க பெருமாளுக்காக வீட்டை இடிச்சாங்க. இங்க லேத்துக்காகப் பெருமாள் செடியைப் பேக்கறீங்க" என்றாள். பிறகு அவளே விளக்கேற்றிக் கும்பிட்டு, செடியை ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு மாற்றினாள். மாடம் கொல்லைப்புறம் போனது. ஒரு டன் லேத்தை நகர்த்தியதைவிட அந்தச் சின்ன மாடத்தை நகர்த்தத்தான் எனக்குக் கை நடுங்கியது.

லேத்து உள்ளே போய்விட்டது. ரசமட்டம் வைத்துக் காலுக்குத் தகடு கொடுத்து நிறுத்தி, 43 போல்ட்டையும் போட்டோம். மாணவனுக்குப் பணம் கொடுத்தால் வாங்கவில்லை. "மார்க்கு போட்டிருக்கீங்களே சார்" என்றான். எவ்வளவு போட்டேன் என்று இருவருக்கும் நினைவில்லை. முட்டுக்கட்டைகளை மட்டும் எண்ணி மூட்டையில் போட்டுக்கொண்டு மலையேறினான்.

மறுநாள் காலையில் மோட்டாரின் பெயர்த்தகட்டைத் துடைத்துப் படித்தேன். மூன்று பேஸ். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பேஸ். இத்தனை நாள் அளவெடுத்ததில் இதை மட்டும் நான் அளக்கவில்லை.

அந்த வாரமே வண்டிக்காரர் வந்தார். கரும்பு வெட்டு ஆரம்பிக்கப் போகிறது, வண்டி பழையபடி வேண்டும், வரப்பில் இது இடிக்கும் என்றார். பழைய அச்சைக் கொண்டுவந்து மாட்டினோம். ஒரு பக்கம் சக்கரம் ஆடியது. பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோயிருந்தது. "அதுக்கென்ன, வூட்லயே லேத்து வச்சிருக்கீங்க. ஒரு புஷ் கடைஞ்சு போட்டுடுங்க சார்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார்.

அச்சை டிவிஎஸ் ஃபிஃப்டியில் குறுக்கே கட்டிக்கொண்டு அதே நெடுஞ்சாலைப் பட்டறைக்குப் போனேன். முதலாளி தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார். மிஷினை நிறுத்தினார்.

"இன்னா சார், லேத்து வூடு வந்து சேரலியா?"

"வந்துடுச்சு" என்றேன்.

அவர் அச்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பி அந்தப் பையனைக் கூப்பிட்டார்.